ஊத்துக்குளியில் அரை ஏக்கர் ருக்கோலா

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக ஏழு பேர் வந்திருந்தார்கள். வந்தது நான் ஒருவன், பெட்டி இரண்டு. அந்த இரண்டு பெட்டிக்கும் மூன்று பேர் போட்டி போட்டதில் ஒன்றின் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. கழற்றியவர் என் சம்பந்தி. கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க சம்மந்தி, பெட்டி பழசுங்களா?" என்றார். போன வாரம் வாங்கிய பெட்டி. இருந்தாலும், "ஓமோம், பழசுதான்" என்று சொல்லிவைத்தேன். இந்த ஊரில் இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் நானும் மரியாதைக்குப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்தில், ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையற்கட்டில் இருபத்தேழு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; அந்தச் சமையற்கட்டில் உட்கார ஒரு கதிரை கிடையாது. என் ஒரே மகள் மதுரா, அங்கே நெசவுத் தொழில் படிக்க வந்த திருப்பூர்ப் பையன் கௌதமைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, ஒன்றரை வருடமாக இங்கே மாமனார் வீட்டில் இருக்கிறாள். அவர்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஊத்துக்குளிப் பக்கம் தோட்டம். குடியிருப்பது தோட்டத்தில். காலையில் அப்பாவும் மகனும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். சம்பந்தியம்மா சரசு ஆறு எருமைகளை வைத்துக்கொண்டு வெண்ணெய் எடுக்கிறார்.

நான் வந்த காரியம் ஒன்றே ஒன்று. மதுராவுக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும். என் மனைவி கண்மூடி நாலு வருடமாகிறது. அதனால் என்ன, நான் இருக்கிறேன். மதுராவின் பழைய அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். தொட்டில் வாங்கி நானே பூட்டினேன். பூட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம் கிடந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு, திங்கட்கிழமை விமானம். கட்டுச்சோறு என்பது இந்தப் பக்கத்து வழக்கம்: பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு ஆக்கிக் கொண்டுவந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவார்கள்.

இதைப் போனில் சொன்னபோது சம்பந்தி, "உங்க இஷ்டமுங்க" என்றார். சம்பந்தியம்மா, "நல்லதுங்ண்ணா" என்றார். மதுரா, "சரியப்பா" என்றாள். என் வாழ்க்கையில் எந்தக் காரியமும் இத்தனை லேசாக முடிந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டில் இலை நிறைய பதார்த்தங்கள். அதில் ஓர் ஓரமாகக் கரும்பச்சையில் ஒரு கடைசல். சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தது. வாயில் வைத்தேன். கசப்பு. ஆனால் எங்கேயோ பழகிய கசப்பு.

"இது என்ன கீரை?" என்று கேட்டேன்.

"உங்க ஊருக் கீரைதானுங்ண்ணா" என்றார் சம்பந்தியம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "இத்தாலிக் கீரை."

ருக்கோலா! அரை மணி நேரம் வேகவைத்த ருக்கோலா! எங்கள் உணவகத்தில் ருக்கோலாவை அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் முதலாளி அகப்பையை எறிவார். பீட்சா அடுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு, மேலே பச்சையாகப் பரப்பிக் கொடுப்போம். வாயில் போட்டால் கடுகு போலச் சுள்ளென்று ஏறும், பின்னால் நிலக்கடலை போல ஒரு ருசி தங்கும். அந்த இலையை இப்படிக் கொலை செய்து வைத்திருந்தார்கள். "எப்படிங்க இருக்குது?" என்றார் சம்பந்தியம்மா. "அருமை" என்றேன். இரண்டாவது பொய்.

மறுநாள் காலை சம்பந்தி என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மார்கழி மாதம், இதமான குளிர். தென்னைக்கும் சோளத்துக்கும் நடுவில் அரை ஏக்கர் முழுக்க ருக்கோலா நின்றது. பெர்னில் நாங்கள் அதைச் சின்னப் பெட்டியில் வாங்குகிற ஆட்கள். இத்தனை ருக்கோலாவை ஒரே இடத்தில் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கதை இதுதான். மசக்கை நேரத்தில் மதுராவுக்கு எதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை. "ருக்கோலா இருந்தால் சாப்பிடுவேன்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சம்பந்தி தன்னிடம் பனியன் வாங்குகிற இத்தாலிக்காரரிடம் சொல்லி விதை வரவழைத்துவிட்டார்.

"ஒரு பாத்தி போதாதோ?" என்று கேட்டேன்.

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "பனியன்ல ஆயிரம் பீஸுக்குக் கீழ ஆர்டர் எடுக்கறதில்லீங்க. அந்தப் பழக்கத்துல வெதையும் மூட்டையாச் சொல்லிப்போட்டனுங்க. வந்த வெதைய வீணாக்கக் கூடாதுன்னு தூவி உட்டுட்டமுங்க."

மருமகளின் ஒரு வாய்ச் சாப்பாட்டுக்காக அரை ஏக்கர் விதைத்த மனுஷரை நான் என்ன சொல்வது? அந்த இடத்திலேயே அவர்மேல் எனக்குப் பாசம் பிறந்துவிட்டது. என்னால் முடிந்த ஒரே கைம்மாறு, இந்தக் கீரையை எப்படிச் சாப்பிடுவது என்று இவர்களுக்குக் காட்டிவிட்டுப் போவதுதான் என்று முடிவு செய்தேன். சமையற்கட்டுக்குள் புகுந்தேன். சம்பந்தியம்மா, "நீங்க எதுக்குங்ண்ணா" என்று நாலு தரம் சொல்லிவிட்டு, வழிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பச்சையாகவே கொடுத்தேன். இளம் இலையாகப் பறித்துக் கழுவி, ஈரத்தைத் துணியில் ஒற்றி, வறுத்து உடைத்த நிலக்கடலை, தேங்காய்ப் பல்லு, தக்காளி, எலுமிச்சம்பழச் சாறு, ஒரு கரண்டி கடலை எண்ணெய். பெர்னில் இதற்குப் பாற்கட்டியைச் சீவிப் போடுவோம். இங்கே கடலை அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தது. பந்தி பரிமாறியது போல எல்லோருடைய தட்டிலும் வைத்தேன். சம்பந்தி ஒரு இலையை எடுத்து, கண்ணை மூடி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார்.

"அருமைங்க சம்மந்தி."

"அருமைங்ண்ணா" என்றார் அவர் மனைவி. "சூப்பருங்க மாமா" என்றான் மருமகன். "நல்லாயிருக்கப்பா" என்றாள் மகள். நான் பூரித்துப்போனேன். மறுபடியும் பரிமாறப் போனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்திருந்தது.

புதன்கிழமை நல்ல ஆலிவ் எண்ணெய் வாங்கலாம் என்று திருப்பூருக்குப் புறப்பட்டேன். கார் அனுப்புகிறேன் என்றார் சம்பந்தி. ஊர் பார்க்கவேண்டும், பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். போகும்போது பிரச்சினை இல்லை. எண்ணெயை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கூட்டமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த வெள்ளை பஸ் ஒன்றில் நானும் ஏறிவிட்டேன். எழுந்து இடம் கொடுத்தார்கள். டிக்கெட் கேட்கவும் ஒருவரும் வரவில்லை. எங்கள் பெர்ன் டிராமில் நாய்க்கும் டிக்கெட் எடுக்கவேண்டும். இங்கே எவ்வளவு தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் திருநெல்வேலிப் பேச்சில் குசுகுசுத்தார்கள். "ஏட்டி, இந்த ஆளு யாரு? புதுசால்லா இருக்கு?"

"ஆடிட்டரா இருக்கும்ட்டி. வெளிநாட்டு ஆள் மாதிரி இருக்காருல்லா. வாயப் பொத்து."

அது பனியன் கம்பெனி பஸ். கம்பெனி வாசலில் போய் நின்றது. இறங்கியதும் மேனேஜர் ஓடிவந்தார். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் திடீர் திடீரென்று ஆள் அனுப்பிச் சோதனை போடுவார்களாம். அந்த ஆள் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே குடிதண்ணீர்க் குழாயைக் காட்டினார், தீயணைக்கும் சிலிண்டரைக் காட்டினார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டினார், கடைசியில் கழிவறையையும் காட்டினார். எல்லாம் படு சுத்தம். "நல்லாயிருக்கு" என்றேன். அவருக்கு உயிர் வந்தது. தேநீர் வந்தது, கூடவே கை முறுக்கு. பாதி முறுக்கில்தான், "தம்பி, நான் ஊத்துக்குளிக்குப் போகவேணும்" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏறும்போதே சொல்லியிருக்கலாம்ல?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர், "பெரியவர் ஏறி உக்காந்துட்டாருங்க. எறங்குங்கன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள், வழி தவறி வந்த எனக்குச் சோறு போட்டுத் தங்கள் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பெர்னில் தப்பான பஸ்ஸில் ஏறினால் அபராதம்தான் கிடைக்கும்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் ஊர்ச் சம்பல் செய்தேன். ருக்கோலாவைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப்புளி, அதாவது எலுமிச்சம்பழச் சாறு, விட்டுக் கையால் பிசறுவது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள அமிர்தம். மத்தியானம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு இலையைக் கிள்ளிப் போட்டேன். அந்தச் சூட்டிலேயே அது வாடிவிடும்; காரம் தணியும், நிறம் போகாது. ராத்திரி முட்டைப் பொரியலில் போட்டேன். மூன்று வேளையும் "அருமைங்க", மூன்று வேளையும் அளவுச் சாப்பாடு.

சம்பந்தியம்மா என் தோசையில் ஒரு பெரிய உருண்டை வெண்ணெய் வைப்பார். ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் சும்மாவா! அந்த வெண்ணெயில் வியாழக்கிழமை லேசாக ஒரு நெடி அடித்தது. நான் உடனே, "இந்த வாசம்தான் ஊத்துக்குளி வாசமோ? இப்படி ஒரு வெண்ணெயை நான் சாப்பிட்டதே இல்லை!" என்றேன். அவர் முகம் ஏனோ சுருங்கியது. "ஆமாங்ண்ணா" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். தன்னடக்கம் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மண்டு உலகத்தில் உண்டா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொழுவத்துப் பக்கம் நடந்தேன். எருமைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பன்வாரி என்கிற ராஜஸ்தான்காரர். நாற்பது வயதிருக்கும். காலையில் இங்கே வேலை, பிறகு கம்பெனியில் பேக்கிங். அவர் கை நிறைய எதையோ அள்ளி எருமைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், முந்திய நாள் நான் ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பறித்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி வைத்த ருக்கோலா.

"என்ன பன்வாரி இது?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "தாராமீரா சார். எங்க ஊர்ல நிறைய இருக்கு. ஒட்டகம் சாப்பிடும்."

"ஒட்டகமா?"

"ஆமா சார். ரொம்ப நல்லா சாப்பிடும். இங்க ஒட்டகம் இல்லே. எருமைக்கு டெய்லி போடறேன். வீட்ல யாரும் சாப்பிடலே. அம்மா சொல்லிச்சு, சாருக்குச் சொல்லாதே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப பால் நாத்தம் சார். வெண்ணெய் நாத்தம். ஸ்வீட் கடை வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டான். அம்மா அழுதுச்சு" என்றார்.

பன்வாரிக்கு மரியாதையாகப் பொய் சொல்லும் அளவுக்கு இன்னும் தமிழ் வரவில்லை. அவர் வாழ்க! அந்த ஊரில் நாலு நாளில் என்னிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பது வருடமாக அதே பலகாரக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த வெண்ணெய் அது. அதை நாற அடித்தது என் கீரை. அந்த நாற்றத்தையே ஊத்துக்குளி வாசம் என்று அந்த அம்மாவிடமே புகழ்ந்தும் இருக்கிறேன். நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மதுரா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, வெண்ணெய் திரும்பி வந்ததாமே. ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ண்ணா..."

"ஒன்றுமில்லை என்று சொல்லாதேயுங்கோ. நான் செய்து தந்ததில் ஒன்றாவது உங்களுக்குப் பிடிச்சுதோ? என் மகளின் தலையில் கை வைத்துச் சொல்லுங்கோ."

அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேலை செய்தது. அவர் மதுராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கேக்கறீங்க, சொல்லிப்போடறனுங்ண்ணா. ஒண்ணும் எறங்குலீங்க. பச்சை எலையத் திங்கறது எங்களுக்குப் பழக்கமில்லீங்க. அவரு மாத்திரை மாதிரித் தண்ணி குடிச்சு முழுங்கறாருங்க. நீங்க அத்தன ஆசையாப் பண்றீங்க, வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? கீழ கொட்டவும் மனசு வருல. எருமைக்குப் போடச் சொன்னனுங்க. அது இப்படி ஆகும்னு யாரு கண்டாங்க?" பிறகு மதுராவின் தலையைத் தடவினார். "இந்தப் புள்ளைக்காவது ஆகுதேன்னு மனசைத் தேத்திக்கிட்டமுங்க."

மதுரா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் ஆகலீங்க அத்தை" என்றாள்.

"என்ன கண்ணு சொல்ற?"

"அது மசக்கையில வந்த ஆசைங்க. மசக்கையோட போயிட்டுது. கீரை முளைச்சு வந்தபோது அந்த வாசமே பிடிக்கல."

"அப்புறம் ஏஞ்சாமி தெனமும் தின்ன?"

"அரை ஏக்கர் போட்டுட்டீங்களே அத்தை! வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தார். மதுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வீடு முழுக்க, ஒருவருக்கும் பிடிக்காத கீரையை, அடுத்தவருக்குப் பிடிக்குமே என்று நாலு வாரமாக மென்று விழுங்கியிருக்கிறது. இந்தக் கூத்தைத் திருப்பூரை விட்டால் வேறு எங்கே பார்க்க முடியும்!

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று சுருக்கென்றது. இவள் என் மகள். மூன்று வயதில் என் மூக்கைப் பிடித்து, "உங்கட மீசை வடிவில்லை, அசிங்கம்" என்று சொன்னவள். பெர்னில் நான் ஆக்கிய சோறு குழைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள். இவள் எப்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையானாள்? இவள் என்னிடம் இந்த ஒரு மாதமாகச் சொன்னதெல்லாம் "சரியப்பா", "சரியப்பா", "சரியப்பா".

"மதுரா, திங்கட்கிழமை?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. உனக்கு வர விருப்பமோ?"

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் வரேல்லை அப்பா" என்றாள். "நீங்கள் அறைக்கு வெள்ளையெல்லாம் அடிச்சுப் படம் அனுப்பினீங்கள். எனக்குச் சொல்ல வாய் வரேல்ல. நீங்கள் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நான் அந்த வீட்டில தனிய இருக்கவேணும். அங்க எங்க திரும்பினாலும் அம்மா இல்லாததுதான் தெரியும். குழந்தையோட அங்க இருக்க எனக்குப் பயமாயிருக்கு."

நான் வெளியே நடந்தேன். நடந்து எங்கே போவது? ருக்கோலாத் தோட்டத்து வரப்பில் போய் உட்கார்ந்தேன். கோபம் கோபமாக வந்தது. வாளி வாளியாக வெள்ளையடித்தவன் நான். மகளுக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு கடமை, அதையும் வேண்டாம் என்கிறாள். அதைவிட வலித்தது வேறொன்று. இத்தனை நாளும் அவள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறாள். அப்பனிடம் பிள்ளைக்கு மரியாதை எதற்கு? மரியாதை விருந்தாளிக்கு. அழுகை வந்தது, அழுதேன்.

கம்பெனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சம்பந்தி விஷயம் கேள்விப்பட்டு வந்து, வேட்டியை மடித்து என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். போன் அடித்தது, அதை அணைத்துப் பையில் போட்டார். அதற்குள் சம்பந்தியம்மா ஒரு சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"அண்ணா, இன்னைக்கு உண்மையே பேசற நாளாகிப்போச்சு. நானும் ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. புள்ளைய அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகாதீங்க. அப்பவே சொல்லியிருக்கோணும். பெத்தவங்க கேக்கும்போது மாட்டம்னு சொல்ற பாத்தியதை எங்களுக்கு இல்லீங்களே, அதனால வாய மூடிட்டு இருந்தமுங்க."

"வழக்கம் என்று ஒன்று இருக்குது அல்லோ, தங்கச்சி" என்றேன். எனக்கே என் குரல் சின்னப்பிள்ளைக் குரல் போலிருந்தது.

"இருக்குதுங்க. பொறந்த ஊட்டுக்குப் போகோணும்னு வழக்கம் சொல்லுது. பொறந்த ஊடு பெர்ன்லதான் இருக்கோணும்னு சொல்லுலீங்களே." சாவியை என் மடியில் வைத்தார். "திருப்பூர் ராயபுரத்துல எங்க பழைய ஊடு சும்மா பூட்டிக் கெடக்குதுங்க. ஆஸ்பத்திரியும் பக்கம். நீங்க அதுல வந்து குடியிருங்க. ஞாயித்துக்கிழமை கட்டுச்சோறு கட்டி, முறைப்படி உங்க மகளக் கூட்டிட்டுப் போங்க. கொழந்த பொறந்து நாங்க வந்து கூப்புடற வரைக்கும் உங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

நான் சாவியைப் பார்த்தேன். அது வாடகைக்குத் தருவது போலவோ, விருந்தாளிக்கு அறை தருவது போலவோ இல்லை. அன்று பகலே பெர்னுக்குப் போன் போட்டு ஐந்து மாதம் லீவு கேட்டேன். முதலாளி இத்தாலியில் கத்தினார். இருபத்தேழு வருடத்தில் நான் கேட்ட முதல் நீண்ட லீவு என்று நினைவூட்டினேன். இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு, "பேரனா பேத்தியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை டிராக்டர் வந்து அரை ஏக்கரையும் மடக்கி உழுதது. நிலத்துக்கு நல்ல பசுந்தாள் உரம் என்றார் சம்பந்தி, உண்மையான சந்தோஷத்தோடு. இரண்டு பாத்தியை மட்டும் விடச்சொன்னேன். எருமைகளுக்குச் சோளத்தட்டு போட்டார்கள். ரெண்டு நாளில் பால் தெளிந்துவிடும் என்றார் பன்வாரி.

அன்று சாயங்காலம் சம்பந்தியம்மாவும் நானும் கட்டுச்சோற்றுக்கு ஒத்திகை பார்த்தோம். இந்தப் பக்கத்து வீடுகளில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சோறு ஆக்குவார்கள், அரிசிம்பருப்புச் சோறு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவிடுவது. இறக்கிய பிறகு அதில் ருக்கோலாவைப் போட்டுக் கிளறப் போனேன்.

"ஒரு கைப்பிடி போதுங்க" என்றார் அவர். நான் இரண்டு கைப்பிடி எடுத்தேன். என் கையைப் பிடித்து ஒன்றைத் திரும்பக் கூடையில் போட்டார். "நெய்யி இன்னொரு கரண்டி உடுங்க. இப்ப மூடி வையுங்க. அஞ்சு நிமிஷம். தொறக்கக் கூடாதுங்க."

ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தோம். நெய்யில் இலை பளபளவென்று வாடியிருந்தது. பருப்பின் இனிப்புக்கும் நெய்யின் வழவழப்புக்கும் நடுவில் சின்னதாக ஒரு கசப்பு, கடுகு தாளித்தது போல ஒரு காரம். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். அருமை என்று சொல்லவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றார். இருபத்தேழு வருடச் சமையலில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், ஏழாவதாக அந்த அரிசிம்பருப்பு. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து சாப்பிட்டார்கள். மதுராவுக்கு வளையல் போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். பிறகு அவளை நான் காரில் ஏற்றினேன். முக்கால் மணி நேரப் பயணம். அதற்குச் சம்பந்தியம்மா கடல் கடந்து போகிறவளை வழியனுப்புவது போல அழுதார். "பொழுதோட போன் பண்ணு கண்ணு" என்றார். வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து ஜன்னல் வழியே ஒரு தூக்குப்போசி வெண்ணெயைத் திணித்தார். கௌதம் பாவம், மனைவியைப் பறிகொடுத்தவன் போல வாசலில் நின்றான். ராத்திரியே பைக்கில் வந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ராயபுரத்து வீடு சின்ன வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் சமையற்கட்டு. சந்தில் எங்கேயோ தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பாத்திரங்களைக் கழுவி அடுக்கினேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்து, புதுக் குடித்தனமா என்று விசாரித்துவிட்டு, கொத்தமல்லித்தழை கொடுத்துவிட்டுப் போனார். இரவுச் சோற்றுக்கு வெங்காயம் அரியத் தொடங்கினேன். மதுரா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெர்னிலிருந்து அவளுடைய சிநேகிதி போனில் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஜெர்மனில் பேசிக்கொண்டார்கள். நான் காது கொடுக்கவில்லை, ஆனால் வீடு சின்னது. நாளைக்கு வருகிறாய்தானே, விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று அவள் கேட்டிருக்கவேண்டும்.

"இல்லை, நான் வரவில்லை" என்றாள் மதுரா. "நான் அம்மா வீட்டில் இருக்கிறேன்."

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

"அப்பா, பசிக்குது" என்று கூடத்திலிருந்து கத்தினாள். "இன்னும் எவ்வளவு நேரம்?"